சந்தாவே அரண்

புதுவைக்கும் கடலூருக்கும் இடையே தொலைவு சிறிது. ஆயினும், 1910இல் அதனைக் கடக்க ஓர் ஏட்டால் இயலவில்லை!

சென்னையில் அடக்குமுறைக்கு ஆளான பாரதியாரின் ‘இந்தியா’ வார இதழ், 1908இல் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த புதுவைக்குக் குடிபெயர்ந்தது. அச்சகத்தை நெருங்க முடியாத வெள்ளையர், தம் எல்லைக்குள் இதழ் நுழையத் தடை விதித்தனர். கடலூர், சிதம்பரம் முதலான ஊர்களுக்கு ஏடு வர வழியில்லை. சந்தா செல்லவும் வழியில்லை. 1910இல் ‘இந்தியா’ நின்றது. 1918 நவம்பரில் புதுவை எல்லையைத் தாண்டிய பாரதியாரைக் கடலூர்ச் சிறை வாங்கிக்கொண்டது.

அன்று ஆட்சி அறுத்த கயிற்றை, இன்று அலட்சியத்தால் நாமே அறுக்கலாமா? கடலூர்த் தொழிற்பேட்டைப் புகையையும் சிதம்பரம் நகராட்சிக் கணக்கையும் கேள்வி கேட்க வேண்டிய உள்ளூர் ஏடு, விளம்பரக்காரரை நம்பினால் வாய் மூடும். வாசகர் காசை நம்பினால் வாய் திறக்கும். வாக்குச்சீட்டு ஐந்தாண்டுக்கொருமுறை, சந்தாவோ நாள்தோறும் நாம் நிறுத்தும் காவல்!