காமிராவைத் திறப்பது யார்?

கைப்பேசி கை தவறி விழுகிறது. எடுத்துப் பார்த்தால் மற்றவை எல்லாம் வேலை செய்கின்றன. காமிரா மட்டும் கறுப்புத் திரையைக் காட்டுகிறது. என்ன செய்கிறோம்? சிலர் கடைக்குக் கொண்டு போகிறோம். சிலர் அந்த ஒரு பழுதைச் சாக்காக வைத்துப் புதிய கைப்பேசியே வாங்கிவிடுகிறோம். அதை நாமே திறந்து, பழுதான உறுப்பை மட்டும் மாற்றலாம் என்ற எண்ணம் நம்மில் பலருக்குத் தோன்றுவதே இல்லை.

நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் ஏராளம். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் நிறைய. சேலத்தில் விசைத்தறிகள் ஓயாமல் ஓடுகின்றன. இயந்திரத்தைப் பிரித்து, தேய்ந்த உறுப்பைக் கழற்றி, புதியதைப் பொருத்தி மீண்டும் ஓட்டுவது இந்தச் சமவெளி மக்களின் அன்றாட வேலை. அவர்களுக்கே காமிரா எப்படித் திறக்கக் கூடாத பெட்டி ஆயிற்று? இதற்கு விடை காண, காமிராவின் வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும்.

நூறு படம் எடுத்த பெட்டி

1888ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் ‘கோடக்’ என்னும் காமிராவை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதன் விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான சுருள் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். நூறும் எடுத்து முடித்தபின் காமிராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே அதைத் திறந்து, படங்களைக் கழுவி அச்சிட்டு, புதிய சுருளை வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். இதற்குக் கட்டணம் 10 டாலர். ஆக, பொதுமக்கள் கைக்கு வந்த முதல் எளிய காமிராவே, உரிமையாளர் திறக்க வேண்டியிராத பெட்டியாகத்தான் இருந்தது.

1900இல் அதே நிறுவனம் ‘பிரௌனி’ என்ற காமிராவை ஒரு டாலருக்கு விற்றது. அதில் சுருளை மாற்றுவது உரிமையாளரின் வேலை. பள்ளிச் சிறுவர்களும் காமிராவின் முதுகைத் திறக்கக் கற்றுக்கொண்டார்கள். உள்ளே ஒரு லென்சு, ஒரு மூடி, ஒரு சுருள். அவ்வளவுதான் காமிரா என்பது எல்லோருக்கும் புரிந்தது.

சேலத்தில் ஒரு படநகரம்

காமிராவின் வரலாற்றில் நம் பகுதிக்கும் ஓர் இடம் உண்டு. திருச்செங்கோட்டின் பெயரைத் தம் பெயரின் முதலெழுத்தில் தாங்கிய டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். 1937இல் அதன் முதல் படம் ‘சதி அகல்யா’ வெளிவந்தது. முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938) இந்நிறுவனத்தின் படமே. 1956இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த அந்தப் படநகரின் முகப்பு வளைவு ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கிறது.

அக்காலச் சினிமாக் காமிராவில் நடந்ததைக் கவனியுங்கள். நடிகருக்கும் காமிராவுக்கும் இடையிலுள்ள தூரத்தை உதவியாளர் நாடாவால் அளப்பார்; அதற்கேற்ப லென்சின் வளையத்தைக் கையால் திருப்புவார். வண்ணத்தைப் பிடிப்பது பிலிமின் வேலை. நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளை உணரும் மூன்று படலங்கள் அதில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்டிருக்கும். இவ்வளவு வேலைகளும் இன்று நம் சட்டைப் பையில், ஒரு புளியங்கொட்டையைவிடச் சற்றே பெரிய பொருளுக்குள் நடைபெறுகின்றன!

பிலிம் போய்ச் சிலிக்கான் வந்தது

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் ஒளியை மின்னூட்டமாகச் சேர்த்து வைக்கும் சிலிக்கான் சில்லு ஒன்றுக்கு வழிகண்டனர். இதற்காக 2009இல் இயற்பியலுக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1975இல் கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் இத்தகைய சில்லைக் கொண்டு முதல் எண்முறைக் காமிராவை உருவாக்கினார். எடை சுமார் 3.6 கிலோ, படத்தில் இருந்த புள்ளிகள் 10,000 மட்டுமே. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 வினாடிகள் ஆயின.

வண்ணத்துக்கு வழி சொன்னவர் அதே நிறுவனத்தின் பிரைஸ் பேயர். சில்லின் புள்ளிகள்மேல் வண்ண வடிகட்டிகளைக் கட்டம் கட்டமாக அமைத்தார். நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். மனிதக் கண் பச்சை ஒளியில் கூர்மையாகப் பார்ப்பதால் அதற்கு இரு பங்கு. இதற்கு 1976இல் காப்புரிமை கிடைத்தது.

1990களில் எரிக் ஃபோசம், விண்கலங்களில் வைக்கும் காமிராக்களைச் சிறிதாக்கும் முயற்சியில், மின்சாரம் குறைவாகச் செலவாகும் புதுவகைச் சில்லை உருவாக்கினார். கைப்பேசிக்குள் காமிரா புக இதுவே வாசல் ஆயிற்று. 2000 நவம்பரில் ஜப்பானில் வந்த ஷார்ப் கைப்பேசியின் காமிராவில் 1,10,000 புள்ளிகள் இருந்தன. இன்று 5 கோடிப் புள்ளிகள் சாதாரணம்.

கால் மில்லிமீட்டர் கணக்கு

குவிலென்சின் சூத்திரம் மாணவர்களுக்குத் தெரிந்ததே. குவியத்தூரம் 5 மி.மீ. என்று கொள்வோம். வெகு தொலைவிலுள்ள மலையின் பிம்பம் லென்சிலிருந்து 5 மி.மீ. தூரத்தில் விழும். 10 செ.மீ. தொலைவிலுள்ள பூவின் பிம்பமோ சுமார் 5.26 மி.மீ. தூரத்தில் விழும். அப்படியானால் மலையிலிருந்து பூவுக்கு வர, லென்சு நகர வேண்டியது ஏறத்தாழ கால் மில்லிமீட்டர்!

இதைச் செய்வது ஒரு சிறு கம்பிச்சுருள். லென்சைச் சுற்றியுள்ள இச்சுருளில் மின்னோட்டம் பாயும்போது, அருகிலுள்ள காந்தத்தின் புலம் அதைத் தள்ளுகிறது. ஒலிபெருக்கி இயங்கும் அதே தத்துவம். மின்னோட்டம் நின்றதும் மெல்லிய வில்கள் லென்சைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும்.

இந்த வில்களே பலவீனமும் ஆகும். 2021இல் ஆப்பிள் நிறுவனம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. திறன் மிகுந்த மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் கைப்பேசியை நேராகப் பொருத்தி நெடுந்தூரம் ஓட்டினால், அதிர்வினால் காமிராவின் நிலைநிறுத்தும் அமைப்பு கெடக்கூடும் என்பது அதன் சாரம். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு வழிபார்த்தபடி வண்டி ஓட்டுவோர் இதை நினைவில் வைப்பது நல்லது.

வீட்டில் மாற்ற முடியுமா?

பெரும்பாலான கைப்பேசிகளில் காமிரா தனி உறுப்பு. நாடா போன்ற வளையும் மின்சுற்று ஒன்று அதைத் தாய்ப்பலகையுடன் இணைக்கிறது. பற்றவைப்பு ஏதுமில்லை, பொத்தான் போல அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். எனவே மாற்றும் வேலை கொள்கை அளவில் எளிதே. முதலில் பழுது எது என்று அறிய வேண்டும். வெளிக்கண்ணாடி மட்டும் விரிசல் கண்டிருந்தால் படம் மங்கும்; ஆனால் காமிரா நலமாகவே இருக்கும். திறக்கும்போது கைப்பேசியை அணைத்து, மின்கலத்தின் இணைப்பை முதலில் கழற்ற வேண்டும். திருகாணிகளின் நீளம் வேறுபடும். எது எங்கிருந்து வந்தது என்று தாளில் குறிக்க வேண்டும். லித்தியம் மின்கலத்தை உலோகக் கருவியால் குத்திவிட்டால் தீப்பிடிக்கும். உண்மையான இடையூறு மின்சுற்றில் இல்லை. முதுகை ஒட்டியிருக்கும் பசையில்தான் இருக்கிறது. 1888இன் மூடிய பெட்டி பசையின் உருவில் திரும்ப வந்துவிட்டது எனலாம்.

பூட்டும் சாவியும்

பசையை அடுத்து இன்னொரு பூட்டும் வந்தது. 2020இல் ஐபோன் 12 வெளியானபோது, ஒன்றின் காமிராவைக் கழற்றி அதே வகையான மற்றொன்றில் மாட்டினால் சரியாக இயங்கவில்லை என்று பழுதுபார்ப்போர் கண்டனர். ஒவ்வொரு காமிராவுக்கும் லென்சின் நிலையும் சில்லின் தன்மையும் சிறிது வேறுபடும். அவற்றைத் தொழிற்சாலையில் அளந்து பதிவு செய்கிறார்கள். கால் மில்லிமீட்டர் கணக்கில் அது தேவையே. ஆனால் அந்த அளவீட்டைத் திருத்தும் சாவி நிறுவனத்திடம் மட்டுமே இருக்க வேண்டுமா என்பதே கேள்வி.

மாற்று வழியைக் காட்டியவர்களும் உண்டு. நெதர்லாந்தின் ஃபேர்ஃபோன் நிறுவனம் 2015இல் வெளியிட்ட கைப்பேசியில், திருப்புளி ஒன்றைக் கொண்டு உரிமையாளரே காமிராவை மாற்ற முடிந்தது. 2017இல் மேம்பட்ட காமிராவைத் தனியாக விற்றது. மக்கள் பழைய கைப்பேசியில் வீட்டிலேயே பொருத்திக்கொண்டனர். ஆப்பிள் 2022இல் அமெரிக்காவில் உறுப்புகளையும் கருவிகளையும் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, ஒரு வகைக் கைப்பேசியின் விற்பனை நின்ற பின்னும் 7 ஆண்டுகளுக்கு, காமிரா உள்ளிட்ட உறுப்புகள் பழுதுபார்ப்போருக்குக் கிடைக்க வேண்டும். இந்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையவாயிலைத் தொடங்கியது; அதில் நிறுவனங்கள் பழுதுபார்க்கும் விவரங்களைத் தருகின்றன.

திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை கைப்பேசிகளைச் செய்தது. வேறு ஆலைகள் பின்னர் அப்பணியைத் தொடர்ந்தன. கைப்பேசியை இணைத்துச் செய்யும் திறன் நம் இளைஞர்களின் கைகளில் இருக்கிறது. செய்யத் தெரிந்த கைக்குத் திறக்கவும் உரிமை வேண்டும். லாரிக்கு உதிரி உறுப்பு கிடைப்பதால்தான் பட்டறை வாழ்கிறது. உதிரி உறுப்பும் அளவீட்டு விவரமும் கிடைத்தால், நம் ஊர்க் கடைவீதியின் சிறு மேசைகளிலும் நம் வீட்டிலும் கைப்பேசி இன்னும் சில ஆண்டுகள் வாழும்; குப்பைமேடும் அந்த அளவுக்குக் குறையும்.