நிற்கும் கலத்தின் வரலாறு: மட்டாஞ்சேரியின் மழைக்கால ஓய்வு

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் பொதுமுடக்கம் தொடங்கியபோது கோடிக்கணக்கான வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. சில வாரங்களில் அவற்றின் பேட்டரிகள் வலுவிழந்தன. ஒரே இடத்தில் எடை தாங்கிய டயர்கள் உருக்குலைந்தன. பிரேக் தட்டுகளில் துரு படிந்தது. ஈரக்காற்று மிகுந்த ஊர்களில் இருக்கைகளின் மேல் பூஞ்சை படர்ந்தது. ஓடாத வண்டிக்குத் தேய்மானம் இல்லை என்னும் பொதுநம்பிக்கை அப்போது பொய்த்தது. ஓடும் வண்டி ஒருவகையில் தேய்கிறது, நிற்கும் வண்டி வேறுவகையில் அழிகிறது. நிறுத்தி வைப்பதும் ஒரு வேலை. அதற்கும் உழைப்பு, பொருள், அறிவு ஆகிய மூன்றும் வேண்டும்.

கொச்சித் துறைக்கு இந்த உண்மை புதிதன்று. கரையில் மட்டாஞ்சேரி அங்காடியும் எதிரே காயலுமாக அமைந்த அந்த நிலப்பரப்பில், பல நூற்றாண்டுகளாக ஆண்டின் ஏறத்தாழ மூன்று மாதங்கள் கலங்கள் நின்றே கழித்தன. கொச்சியின் வரலாறு பெரும்பாலும் வருகைகளாலும் புறப்பாடுகளாலும் எழுதப்பட்டுள்ளது. அராபியர், சீனர், போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என அந்த வரிசை நீளும். ஆனால் கலங்கள் நின்ற மாதங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது எழுதப்படாமல் போனதற்கான காரணமும் ஆராயத்தக்கது.

மலபார்க் கரையில் தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் இறங்கும். மலையாளத்தில் அதற்கு இடவப்பாதி என்று பெயர். தமிழ்க் கணக்கில் வைகாசிப் பிற்பகுதி முதல் ஆவணி வரையிலான காலம் அது. கடல் கொந்தளிப்பதோடு காற்றும் நேராகக் கரையை நோக்கி வீசும். பாய்மரக் கலத்துக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. ஆகவே அக்காலத்தில் துறைகள் அடைபட்டன. மான்சூன் என்னும் சொல்லே இந்த அடைப்பையும் திறப்பையும் உள்ளடக்கியது. பருவம், குறித்த காலம் என்று பொருள்படும் மவ்சிம் என்னும் அரபுச் சொல் போர்த்துகீசிய மொழியில் மொன்சாவ் ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. மழையைக் குறிக்கும் முன்பே அது கடலோடுவதற்கு உரிய காலத்தைக் குறித்தது.

துறை அடைபட்டபின் கலங்கள் எங்கே நின்றன? கோழிக்கோடு திறந்த கடற்கரை. அங்கே காற்றுக்கு மறைவு இல்லை. 1340-களில் மலபாருக்கு வந்த இப்னு பதூதா, சீனக் கலங்கள் மழைக்காலத்தைக் கழிக்கும் இடமாகப் பந்தலாயினியைக் குறிப்பிடுகிறார். அது கோழிக்கோட்டுக்கு வடக்கே உள்ளது. கொச்சியின் நிலை இவ்விரண்டிலிருந்தும் வேறானது. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொச்சிக் கழிமுகத்தைத் திறந்துவிட்டது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்தத் திறப்பின் உட்புறம் அகன்ற காயல். கழிமுக மணல்மேட்டைத் தாண்டும் அளவுள்ள கலம் எதுவாயினும், உள்ளே வந்துவிட்டால் அலையும் காற்றும் எட்டாத நீரில் நிற்கலாம். மிளகுக்கு அருகில் இருந்ததால் கொச்சி உயர்ந்தது என்பது உண்மையே. கலம் பத்திரமாக நிற்க இடம் கொடுத்ததும் அந்த உயர்வின் ஒரு காரணம் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தக் காயல் நீரின் இயல்பே காவலாகவும் அமைந்தது. மரக்கலத்தின் முதன்மைப் பகை கப்பல் புழு. வெளியே ஊசித்துளை அளவே தெரிய, உள்ளே பலகை முழுவதையும் குடைந்துவிடும் சிப்பியினம் அது. அதற்கு உப்புநீர் வேண்டும். மழைக்காலத்தில் ஆறுகள் கொண்டுவரும் வெள்ளத்தால் காயலின் உப்புத்தன்மை வெகுவாகக் குறைகிறது. புழுவின் பெருக்கமும் அதனால் தடைபடுகிறது. ஆக, கடலில் செல்ல முடியாத அதே மாதங்களில் கலம் நிற்பதற்கு ஏற்றதாக நீர் மாறிவிடுகிறது.

ஆனால் கீழிருந்து காக்கும் நன்னீர் மேலிருந்து விழும்போது பகையாகிறது. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு உப்புநீர் ஒவ்வாது, மழைநீர் ஒத்துப்போகும். மேல்தளத்தின் இடுக்குகளில் தேங்கும் மழைநீர் ஒரே பருவத்தில் பலகையைக் கெடுத்துவிடும். 1580-களில் கோவாவில் வாழ்ந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், மழை தொடங்கும் முன் கப்பல்களை ஆற்றுக்குள் கொண்டுவந்து, பாய்களையும் கயிறுகளையும் கழற்றி, மழையில் உளுத்துப்போகாதவாறு பாய்விரிப்புகளால் மூடிவைக்கும் வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். இன்று காரை மூடி நிறுத்துபவர் செய்வதும் அதுவே. போர்த்துகீசியர் இந்த மழைக்காலத்தைத் தம் மொழியின் குளிர்காலச் சொல்லாலேயே அழைத்தனர். அவர்களுக்குக் குளிர்காலம் என்பது குளிரைவிடக் கப்பல் நிற்கும் காலத்தையே உணர்த்தியது போலும்.

கலத்தின் கட்டுமானத்துக்கேற்பப் பராமரிப்பும் மாறியது. மேற்கு இந்தியப் பெருங்கடலின் பழைய கலங்கள் பல ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓர்முசில் அவற்றைக் கண்ட மார்க்கோ போலோ, அவற்றுக்குக் கீல் பூசப்படுவதில்லை, மீனெண்ணெயே பூசப்படுகிறது என்று எழுதி, அவற்றை ஆபத்தானவை என்றும் இகழ்ந்தார். பயணியின் கண்ணுக்குக் குறையாகப் பட்டதில் ஒரு நிறை உண்டு. தைத்த கலத்தைப் பிரித்துத் திரும்பத் தைக்க முடியும். தளர்ந்த தையலை நீக்கி, கெட்ட பலகையை மட்டும் மாற்றி, புதுக்கயிறு இழுத்து எண்ணெய் பூசினால் கலம் மீண்டும் கடலுக்கு ஆயத்தம். கலம் நிற்கும் மாதங்கள் இருந்தமையால்தான் இத்தொழில்நுட்பம் நிலைத்தது. ஓய்வுக்காலத்தை நம்பியே கட்டப்பட்ட கலம் அது. மலபார்க் கரையில் மத்தி மீன் மிகுதியாகக் கிடைத்ததால் எண்ணெய்க்கும் குறைவில்லை. பின்னாளில் போர்த்துகீசியர் வழி வந்த முந்திரியின் ஓட்டெண்ணெயும் படகுகளுக்குப் பூச்சாயிற்று.

ஆணி அறைந்த கலங்களுக்கு வேறு வேலை. பலகைகளுக்கிடையே பஞ்சையோ நாரையோ திணித்து, எண்ணெயும் பிசினும் கலந்து அடைக்க வேண்டும். தமிழில் இதற்குக் கலப்பத்து என்றும் கலப்பற்று என்றும் பெயர். பின்னதைக் காண்போர் கலம், பற்று என்று எளிதாகப் பிரித்துவிடுவர். உண்மையில் அது கலாஃபாத்தெ என்னும் போர்த்துகீசியச் சொல்லின் திரிபு. அச்சொல்லுக்கு நிகரான வடிவங்கள் அரபியிலும் மத்தியதரைக் கடல் மொழிகளிலும் உள்ளன. அயற்சொல் ஒன்று உள்ளூர்ச் சொல் போலத் தோன்றும் அளவுக்குத் தேய்ந்து இழைந்திருக்கிறது. ஆளுநர்களின் ஆணைகளால் அந்த இழைவு வந்திராது. ஒரே கலத்தின் பக்கத்தில் அமர்ந்து உளி பிடித்த பல மொழிக்காரர்களின் வாய் வழியாகவே வந்திருக்க வேண்டும். ஆவணங்கள் பெயர் சொல்லாத தொழிலாளரின் இருப்புக்கு இந்தச் சொல்லே சான்று.

20-ஆம் நூற்றாண்டு இந்த ஒழுங்கைக் குலைத்தது. நீராவிக் கப்பல்களுக்கு மணல்மேட்டின் ஆழம் போதவில்லை. அவை வெளிக்கடலில் நங்கூரமிட, சரக்குகள் தோணிகளில் சென்றன. மழைக்காலத்தில் அதுவும் இயலாதாயிற்று. 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ மணல்மேட்டை வெட்டி ஆழப்படுத்தும் பணியை வழிநடத்தினார். 1928 மே 26 அன்று பத்மா என்னும் கப்பல் புதிய வாய்க்கால் வழியே உட்துறையை அடைந்தது. தோண்டிய மண்ணில் வில்லிங்டன் தீவு எழுந்தது. கொச்சி எக்காலத்துக்கும் உரிய துறைமுகமாயிற்று. பருவம் என்பது கப்பல்களைக் கட்டுப்படுத்துவது நின்றது. அதோடு, நிற்கும் காலத்தைச் சுற்றி அமைந்திருந்த தொழில்களும் துறைமுகத்தின் மையத்திலிருந்து ஓரத்துக்கு ஒதுங்கின.

அறுபது ஆண்டுகள் கழித்து அந்த ஓய்வுக்காலம் சட்டத்தின் வடிவில் திரும்பியது. இழுவலைப் படகுகள் பெருகி மீன்வளம் குன்றுவதை எதிர்த்து 1980-களில் கேரளத்தின் மரபுவழி மீனவர்கள் நடத்திய போராட்டங்களின் விளைவாக, 1988-இல் மழைக்கால இழுவலைத் தடை வந்தது. இப்போது ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள்கள் அது நடப்பில் உள்ளது. மட்டாஞ்சேரிக்குத் தெற்கே தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் அந்நாள்களில் விசைப்படகுகள் ஒன்றையொன்று உரசி நிற்கின்றன. எஞ்சின் பிரிக்கப்படுகிறது, அடிப்புறத்தில் ஒட்டிய கொட்டலசுகள் சுரண்டப்படுகின்றன, புதுச்சாயம் ஏறுகிறது, வலை செப்பனிடப்படுகிறது. முன்னர் கடல் விதித்த ஓய்வை இப்போது அரசு விதிக்கிறது. ஓய்வுநாள்களின் வேலையோ ஏறத்தாழ அதுவே.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நிற்கும் கலத்தைக் காப்பவர் உண்டு. நிற்கும் மனிதரைக் காப்பவர் யார்? கர்க்கடக மாதத்தை மலையாளிகள் பஞ்ஞமாசம் என்பர். தமிழின் கஞ்சி மலையாளத்தில் கஞ்ஞி ஆவதுபோல, பஞ்சம் பஞ்ஞம் ஆயிற்று. கடலும் வயலும் ஒருசேர அடைபடும் மாதத்துக்குப் பசியே பெயராக நின்றது. கோவாவிலும் மழை மாதங்களில் ஊதியமின்றிக் கிடந்த போர்த்துகீசியப் படைவீரர்கள் பிரபுக்களின் பந்தியை நம்பியே உண்டனர். இன்று தோப்பும்படியின் ஆழ்கடல் படகுகளில் உழைப்போரில் பலர் கன்னியாகுமரி மாவட்டத்துத் தமிழ் மீனவர்கள். தடைக்காலத்தில் அவர்கள் ஊர் திரும்புகின்றனர். ஆனால் அம்மாவட்டத்தின் மேற்குக் கரையிலும் ஜூன், ஜூலை மாதங்கள் தடைக்காலமே. கேரள அரசு படகுத் தொழிலாளருக்கு இலவச அரிசியும் தமிழக அரசு மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகையும் வழங்குகின்றன. இரண்டும் போராடிப் பெற்றவை. அவை போதுமா என்னும் வாதம் ஆண்டுதோறும் எழுகிறது. படகின் பராமரிப்பு முதலாளியின் கணக்கில் செலவாக ஏறுகிறது. அதை ஓட்டுபவரின் 52 நாள் வாழ்வு அவ்வாறு எந்தக் கணக்கிலும் முழுமையாக ஏறுவதில்லை.

எழுதப்படாமைக்கான காரணமும் இங்கேதான் உள்ளது. புறப்பட்ட கப்பலுக்குச் சுங்கம் உண்டு, சரக்குப் பட்டியல் உண்டு. ஆகவே ஆவணமும் உண்டு. நிற்கும் கப்பலால் யாருக்கும் வரி வருவதில்லை. வரியைப் பின்தொடர்ந்த ஆவணங்களைப் பின்தொடர்ந்தே வரலாறும் எழுதப்பட்டது. வணிக வரலாற்றில் மிளகின் எடை தெரிகிறது. அதைச் சுமந்த கலத்தை அடுத்த பருவம்வரை அழியாமல் வைத்திருந்த கைகள் தெரிவதில்லை.

அக்கைகளைத் தேட இன்னும் ஒரு வழி திறந்திருக்கிறது. அது சொல். கலப்பத்து போன்ற தொழிற்சொற்கள் குளச்சல் முதல் பேப்பூர் வரை முதியோர் பேச்சில் இருக்கின்றன. படகுகள் மரத்திலிருந்து கண்ணாடியிழைக்கும் எஃகுக்கும் மாறும் வேகத்தில் அவையும் மறைகின்றன. தமிழும் மலையாளமும் அறிந்த ஆய்வு மாணவர்கள் ஒரு தடைக்காலத்தைத் தோப்பும்படியில் கழித்தால், எந்தச் சுங்க ஏட்டிலும் இல்லாத ஓர் அகராதி அவர்களுக்குக் கிடைக்கும். படகுகள் நிற்கும் காலம் அது. கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆட்களுக்கும் நேரம் இருக்கும்.