இசைத்தட்டின் முகமும் எளியோர் கருவியும்

இசைத்தொகுப்புக்கு ‘ஆல்பம்’ என்ற பெயர் வந்ததற்குக் காரணம், அது புகைப்பட ஆல்பத்தை ஒத்திருந்ததுதான். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிட இசையே அடங்கும். ஆகவே நெடிய படைப்பொன்றைப் பல தட்டுகளாகப் பதிந்து, தாளுறைகளில் இட்டு, புத்தகம்போலக் கட்டி விற்றார்கள். அதன் மேலட்டையில் பெரும்பாலும் எழுத்தைத் தவிர வேறொன்றும் இராது. அமெரிக்கக் கொலம்பியா நிறுவனத்தில் 1939இல் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்னும் இளம் ஓவியர், 1940 முதல் அவ்வட்டைகளுக்கு ஓவியம் தீட்டினார். இசைத்தட்டுக்கு முகம் வாய்த்தது அப்போதுதான்.

ஆனால் அந்த முகம் நிறுவனத்தின் உடைமையாகவே நெடுங்காலம் இருந்தது. ஓவியர், அச்சுக்கோப்பவர், அச்சகம் என்று பல கைகளுக்குக் கூலி கொடுக்க வல்லவரே உறை செய்ய முடிந்தது. பாடுபவரிடம் குரல் இருந்தது. முகத்தைத் தீர்மானிக்கும் உரிமை இல்லை.

இந்நிலையை அசைத்தவர்கள் இங்கிலாந்தின் பங்க் இசைக்குழுவினர். மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு, உற்றார் நண்பர்களிடம் 500 பவுண்டு கடன் பெற்று, 1977 ஜனவரியில் ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ என்ற தட்டைத் தானே வெளியிட்டது. அதன் உறைப்படம் ஒரு போலராய்டு புகைப்படம். மறு ஆண்டில் ஸ்கிரிட்டி பொலிட்டி என்ற குழு ஒருபடி மேலே சென்றது. ஜெராக்ஸ் எடுத்து மடித்த தன் உறையிலேயே, தட்டைத் தயாரிக்க எதற்கு எவ்வளவு செலவாயிற்று என்று கணக்கெழுதி அச்சிட்டது. ‘நீங்களும் செய்யலாம்’ என்ற அழைப்பு அக்கணக்கில் இருந்தது. தொழில் இரகசியத்தைப் பொதுவில் வைத்த இச்செயலை நாம் மறந்துவிடலாகாது. பின்னர் கணினியில் நிகழ்ந்ததற்கும் இதற்கும் உறவுண்டு.

1990இல் ஃபோட்டோஷாப் வந்தபோது, இருட்டறையின் வேலைகள் பல மேசைமேல் ஏறின. ஆயினும் அதன் விலை, வீட்டில் பாடிப் பதிவுசெய்வோர்க்கு எட்டாத உயரத்தில் இருந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் 1995இல் ‘கிம்ப்’ மென்பொருளை எழுதத் தொடங்கி, அடுத்த ஆண்டு வெளியிட்டனர். அதை விலையின்றித் தந்ததோடு, மூல நிரலையும் எவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைத்தனர். கோட்டோவியத்துக்கான ‘இங்க்ஸ்கேப்’ 2003இல் பிறந்ததும் இவ்வழியில்தான்: சோடிபோடி என்ற மென்பொருளின் நிரலை எடுத்து வேறொரு குழுவினர் வளர்த்தனர். உறையில் கணக்கெழுதிய கையும் நிரலைத் திறந்து வைத்த கையும் ஒரே மரபைச் சேர்ந்தவை என்பது நம் எண்ணம்.

மலிவு என்பதை நாம் இம்மரபின் வெளிச்சத்தில்தான் எடைபோட வேண்டும். 2013இல் அடோபி நிறுவனம், தன் மென்பொருள்களின் புதிய பதிப்புகளை ஒருமுறை விலைக்குத் தருவதை நிறுத்திச் சந்தாமுறைக்கு மாறியது. மாதச் சந்தா தொடக்கத்தில் சிறிதாகத் தோன்றும். ஆனால் சந்தா நின்றால் கருவியும் நின்றுவிடும். நாம் வரைந்த கோப்பு நம்மிடமே இருந்தும் அக்கருவியில் திறக்க வழியிராது. வாடகை வீட்டில் ஆணி அடிக்கவும் உரிமையாளர் முகத்தைப் பார்க்க வேண்டியிருப்பதுபோல் அது. இங்க்ஸ்கேப் தரும் எஸ்விஜி கோப்போ பொதுத் தரத்தில் அமைந்த வெறும் உரைக்கோப்பு. வேறு பல மென்பொருள்களும் அதைத் திறக்கும்.

வீட்டில் உறை செய்ய முனைவோர்க்கு நாம் சொல்லக்கூடியது இதுவே. புகைப்படத்தைத் திருத்தக் கிம்ப், தலைப்பெழுத்துக்கும் கோட்டோவியத்துக்கும் இங்க்ஸ்கேப், அச்சகத்துக்கு அனுப்பும் பக்கங்களை அமைக்க ஸ்கிரைபஸ்: மூன்றும் விலையற்றவை. அச்சுக்குரிய நான்கு வண்ணப் பிரிப்பில் ஸ்கிரைபஸ் தேர்ந்தது. குறுந்தகட்டு உறை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் சதுரம். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் எனக் கொண்டால் பக்கத்துக்கு 1417 புள்ளிகள் வேண்டும். வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாதிருக்க, நாற்புறமும் மூன்று மில்லிமீட்டர் கூட்டி வரைவது நன்று. தமிழில் தலைப்பிடுவோர் முதலில் ‘கொ’, ‘கௌ’ போன்ற எழுத்துகளை அடித்துப் பார்க்கட்டும். கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறினால், அம்மென்பொருள் எவ்வளவு மலிவாயினும் நமக்கு ஆகாது. கிம்பும் இங்க்ஸ்கேப்பும் பயன்படுத்தும் ‘பாங்கோ’ என்னும் நிரல்தொகுதி தமிழெழுத்தைச் செவ்வனே அமைக்கவல்லது.

கருவி அழகைத் தந்துவிடாது. ஆனால் பத்தாண்டுகள் கழித்து அத்தட்டை மறுபடி வெளியிட எண்ணும்போது, அதன் முகத்தைத் திறந்து பார்க்கும் உரிமை யாரிடம் இருக்கும் என்பதைக் கருவியே தீர்மானிக்கிறது. தேர்வு செய்யும்போது விலைச்சீட்டுக்கு முன்பாக நாம் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.