வளைகோல் பந்தாட்ட நுழைவுச்சீட்டுக் கட்டணம்

வளைகோல் பந்தாட்ட நுழைவுச்சீட்டுக் கட்டணம் என்பது ஹாக்கி எனப் பரவலாக அறியப்படும் ஆட்டத்தை அரங்கில் நேரில் காண்பதற்குப் பார்வையாளர் செலுத்தும் தொகையாகும். வட அமெரிக்காவில் ஹாக்கி என்ற சொல் பனித்தரையில் ஆடப்படும் பனி ஹாக்கியையும், இந்தியாவில் புல்தரை அல்லது செயற்கைத் தரையில் ஆடப்படும் வளைகோல் பந்தாட்டத்தையும் குறிக்கும். இரண்டிலும் தொழில்முறைத் தொடர்கள் நடைபெறுகின்றன. எனினும் அவற்றின் கட்டணங்களுக்கு இடையேயான வேறுபாடு மிகப் பெரியது. சீட்டின் விலையை மட்டும் கொண்டு அவற்றை ஒப்பிடுவது பிழையான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

ஒப்பிடும் முறை

வட அமெரிக்காவில் டீம் மார்க்கெட்டிங் ரிப்போர்ட் என்னும் வெளியீடு 1990களின் தொடக்கத்திலிருந்து 'ரசிகர் செலவுச் சுட்டெண்' ஒன்றைக் கணித்து வந்துள்ளது. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஓர் ஆட்டத்தைக் காண ஆகும் மொத்தச் செலவே இச்சுட்டெண். நான்கு சராசரி விலைச் சீட்டுகள், குளிர்பானங்கள், இரண்டு சிறிய பியர், நான்கு ஹாட் டாக், வாகன நிறுத்தக் கட்டணம், இரண்டு தொப்பிகள் ஆகியவை இதில் அடங்கும். ஆட்ட விவர ஏடுகளும் முன்னர் சேர்க்கப்பட்டன. தனி அறைகள் போன்ற உயர்விலை இருக்கைகள் சராசரியில் சேர்வதில்லை. ஆகவே உண்மையான சராசரி இதனினும் கூடுதலாகவே இருக்கும். சீட்டுகளை வாங்கி மறுவிற்பனை செய்வோர் கேட்கும் விலையும் இதில் வராது.

தேசிய ஹாக்கிக் கூட்டிணைவு

அமெரிக்காவையும் கனடாவையும் சேர்ந்த அணிகள் ஆடும் தேசிய ஹாக்கிக் கூட்டிணைவில் 2021ஆம் ஆண்டு முதல் 32 அணிகள் உள்ளன. 2025-26 பருவம் வரை ஒவ்வோர் அணியும் பருவத்திற்கு 82 ஆட்டங்கள் ஆடின; அவற்றுள் 41 சொந்த அரங்கில் நடைபெற்றன. அமெரிக்கக் காற்பந்தின் வருவாயில் பெரும்பகுதி தொலைக்காட்சி உரிமத்திலிருந்து கிடைக்கிறது. பனி ஹாக்கி அணிகளோ வாயிலில் கிடைக்கும் பணத்தையே பெரிதும் நம்பியுள்ளன. அரங்குகள் கூரையிடப்பட்டவை, பெரும்பாலானவற்றில் 15,000 முதல் 21,000 இருக்கைகளே உண்டு. இருக்கை எண்ணிக்கையை நினைத்தபடி கூட்ட இயலாததால், தேவை மிகுந்த நகரங்களில் விலையே உயர்கிறது.

2014-15 பருவத்தில் இக்கூட்டிணைவின் சராசரிச் சீட்டு விலை சுமார் 62 அமெரிக்க டாலராகவும், குடும்பச் செலவுச் சுட்டெண் 360 டாலருக்குச் சற்று மேலாகவும் இருந்தன. அன்றைய நாணய மாற்று மதிப்பில் இது 22,000 ரூபாய்க்கு மேல் ஆகும். நான்கு சீட்டுகளின் விலை ஏறத்தாழ 250 டாலர் மட்டுமே என்பதால், செலவில் மூன்றில் ஒரு பங்கு சீட்டுக்கு வெளியே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது. அப்பருவத்தில் டொராண்டோ மேப்பிள் லீஃப்சு அணியின் சராசரி விலை 110 டாலரைத் தாண்டியது. இவ்வணி 1967ஆம் ஆண்டுக்குப் பின் 2025 வரை ஒருமுறையும் ஸ்டான்லி கோப்பையை வெல்லவில்லை. வெற்றிக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

நாளையும் எதிரணியையும் பொறுத்து விலையை மாற்றும் முறை, 2009இல் சான் பிரான்சிசுகோ ஜயண்ட்சு என்னும் அடிபந்தாட்ட அணி மேற்கொண்ட சோதனைக்குப் பின் ஹாக்கிக்கும் பரவியது. அதன்பின் ஒரே இருக்கைக்கு ஒரே விலை என்ற நிலை மாறியது. ஒப்பீடும் கடினமாயிற்று.

இந்தியா

இந்தியாவில் நிலைமை நேர்மாறானது. 2023 சனவரியில் புவனேசுவரம், ரூர்கேலா நகரங்களில் நடைபெற்ற ஆடவர் உலகக்கோப்பையில் இந்திய அணி ஆடிய ஆட்டங்களுக்கு மேற்குப் பகுதி இருக்கை 500 ரூபாய், கிழக்குப் பகுதி 400 ரூபாய், வடக்கு, தெற்குப் பகுதிகள் 200 ரூபாய் என விலை வைக்கப்பட்டது. பிற நாடுகளின் ஆட்டங்களை 100 ரூபாய்க்கும் காண முடிந்தது. அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு நிகழ்வுகளில் 500 ரூபாய்க்கு மேற்படாத சீட்டுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது. அதற்கு மேற்பட்டால் 18 விழுக்காடு வரி உண்டு. ஐபிஎல் துடுப்பாட்டச் சீட்டுக்கான வரி 2025 செப்டம்பரில் 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது.

2013 முதல் 2017 வரை நடந்த ஹாக்கி இந்தியா லீக் தொடரில் தமிழ்நாட்டுக்கு அணி இல்லை. 2024 டிசம்பரில் தொடர் மீண்டும் தொடங்கியபோது தமிழ்நாடு டிராகன்சு சேர்க்கப்பட்டது. அப்பருவத்தின் ஆடவர் ஆட்டங்கள் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலுமே நடைபெற்றன, நுழைவு இலவசம். ஓர் ஆடவர் அணி வீரர்களை ஏலம் எடுக்க 4 கோடி ரூபாய் வரை செலவிட அனுமதிக்கப்பட்டிருந்தது. அச்செலவில் ஒரு ரூபாய் கூட வாயிலில் இருந்து வரவில்லை; விளம்பரதாரர்களும் அணி உரிமையாளர்களும் அரசுகளுமே இவ்வாட்டத்தைத் தாங்குகின்றனர்.

2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையிலும் மதுரையிலும் நடைபெற்ற ஆடவர் இளையோர் உலகக்கோப்பைக்கும் கட்டணம் இல்லை. முதன்முறையாக 24 அணிகள் பங்கேற்ற இத்தொடரில் செருமனி வெற்றி பெற்றது. இந்தியா வெண்கலப் பதக்கம் பெற்றது. சீட்டினை இணையம் வழியாக முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது. இலவசச் சீட்டைப் பதிவு செய்தவர் அனைவரும் அரங்குக்கு வருவதில்லை என்பதால், வழங்கப்பட்ட சீட்டுகளின் எண்ணிக்கையைப் பார்வையாளர் எண்ணிக்கையாகக் கொள்ளலாகாது.

சேலத்திலிருந்து ஒரு கணக்கு

இலவச நுழைவு என்பது அரங்கு உள்ள நகரத்தாருக்கே முழுப் பொருளில் இலவசமாகும். எடுத்துக்காட்டாக, சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் ஒரு குடும்பத்தைக் கொள்ளலாம். அஸ்தம்பட்டிப் பகுதியில் மகாத்மா காந்தி விளையாட்டரங்கம் உள்ளது. ஆயினும் பன்னாட்டு ஹாக்கி ஆட்டத்திற்குச் சென்னை எழும்பூரில் உள்ள மேயர் இராதாகிருட்டிணன் அரங்கிற்கோ மதுரைக்கோ செல்ல வேண்டும். சென்னை சுமார் 340 கிலோமீட்டர். நாமக்கல், கரூர் வழியாக மதுரை சுமார் 235 கிலோமீட்டர்.

2018 சனவரி இறுதியில் திருத்தப்பட்ட அரசு விரைவுப் பேருந்துக் கட்டணம் கிலோமீட்டருக்கு 75 காசு. இதன்படி சென்னைக்கு ஒருவழிக் கட்டணம் 255 ரூபாய். இரு பெரியவர்கள், அரைச்சீட்டுக்குரிய இரு சிறுவர்கள் என்றால் மூன்று முழுச் சீட்டுகள். சென்று திரும்ப 1,530 ரூபாய். மதுரைக்கு ஏறத்தாழ 1,060 ரூபாய். சுங்கச்சாவடிக் கட்டணம், உணவு, மாலை ஆட்டம் முடிந்து தங்க நேர்ந்தால் விடுதி வாடகை ஆகியவை தனி. சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை என்பதால், அஸ்தம்பட்டியிலிருந்து புதிய பேருந்து நிலையம் வரையிலான செலவு மட்டும் சற்றுக் குறையும்.

வட அமெரிக்கக் குடும்பத்தின் செலவில் மூன்றில் இரண்டு பங்கு சீட்டுக்கே சென்றது. சேலத்துக் குடும்பத்தின் செலவில் சீட்டின் பங்கு சுழியம். நாட்கூலி பெறும் குடும்பத்திற்கு இத்தொகையுடன் இழந்த ஒரு நாள் கூலியையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

துடுப்பாட்டத்திற்கு இச்சிக்கல் குறைவு. வாழப்பாடி அருகே 2020இல் திறக்கப்பட்ட சேலம் கிரிக்கெட் அறக்கட்டளை மைதானம் நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. 2023, 2024 ஆண்டுகளில் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் அங்கு நடைபெற்றன. அங்கு நுழைவுக்குக் கட்டணம் செலுத்தினாலும், அதே குடும்பத்தின் பேருந்துச் செலவு சென்னைப் பயணத்தில் பத்தில் ஒரு பங்கையும் எட்டாது.