புகைக்கொடி

வானத்தில் எப்போதாவது வந்துபோகும் அந்த ஒளிக்கு இன்று நம்மிடம் வழங்கும் பெயர்கள் எல்லாவற்றிலும் ஒரு வால் இருக்கிறது. பேச்சில் வால் நட்சத்திரம், பாடநூலில் வால்விண்மீன், அறிவியல் கட்டுரைகளில் வால்மீன், ஈழத்தில் வால்வெள்ளி. நட்சத்திரங்களைப் பொதுவாகவே வெள்ளி என்று சொல்லும் ஈழத்து வழக்கில் கடைசிப் பெயர் வெகு இயல்பாகப் பொருந்துகிறது. நான்கில் எனக்குப் பிடித்ததும் அதுதான். ஆனால் இங்கே நான் பேச வந்தது வால் இல்லாத ஒரு பழைய பெயரைப் பற்றி. சிலப்பதிகாரத்தில் அது இருக்கிறது. அந்தப் பொருளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றை எல்லாம் வைத்துப் பார்த்தால், பிற்காலத்துப் பெயர்களைவிட அதுவே உண்மைக்கு நெருங்கியது என்று உறுதியாகச் சொல்வேன்.

முதலில் புறநானூறு. அதன் 117ஆம் பாட்டில் கபிலர் பாரியின் நாட்டைப் பாடுகிறார். சனிக்கோள் புகைந்தாலும், தூமம் தோன்றினாலும், வெள்ளிக்கோள் தெற்கே ஓடினாலும் அந்த மண்ணில் மழை பொய்த்ததில்லை என்கிறார். நாட்டுக்குக் கேடு வரப்போவதைக் காட்டும் அறிகுறிகள் என்று அக்காலத்தவர் நம்பிய மூன்றை அடுக்குகிறார். நடுவில் நிற்பது நம் பொருள். சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு காவிரி நாட்டைக் கடந்துபோகும் இடத்தில், இதே மூன்றும் இதே வரிசையில் வருகின்றன. சனி, நம் பொருள், வெள்ளி. அங்கே பாடப்படுவது காவிரியின் வளம். இளங்கோ செய்த மாற்றம் சிறியது. தூமம் இருந்த இடத்தில் புகைக்கொடி என்று வைத்தார்.

இரண்டு இடத்திலும் அந்த ஒளி ‘உம்’ என்ற சிறு இடைச்சொல்லோடுதான் வருகிறது. தோன்றினாலும் சரி, நாடு வளம் குன்றாது என்ற பேச்சு. பயம் இருந்திருக்கிறது, அது வெளிப்படை. பயம் இல்லாத இடத்தில் இப்படிச் சொல்லத் தேவையே வராது. ஆனாலும் புலவர்கள் அந்தப் பயத்தை மழைக்கும் ஆற்றுக்கும் கீழே வைத்துவிட்டார்கள். கேடு தரும் ஒளியாக மட்டுமே அதைப் பார்த்தார்கள் என்று நம் முன்னோரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ‘உம்’மைக் கவனிக்க வேண்டும்.

புறநானூற்றின் 229ஆம் பாட்டையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்ப்பதுண்டு. கூடலூர் கிழார் பாடியது. வானிலிருந்து ஒரு மீன் எரிந்து விழுந்ததைக் கண்டு, சேரன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு என்ன ஆகுமோ என்று அஞ்சியதும், அவன் இறந்ததும் அதில் உள்ளன. மாதம், இரவின் எந்தப் பகுதி, எந்த நட்சத்திரம் எங்கே நின்றது என்று அவர் தரும் குறிப்புகள் வானம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உரியவை. ஆனால் அவர் கண்டது எரிமீன்; கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துபோவது. நம் பொருள் வாரக்கணக்கில் வானில் நிற்கும். இரண்டையும் கலக்கக் கூடாது.

தூமம் என்றால் வடமொழியில் புகை. தூமகேது என்ற முழுச்சொல் இருக்கு வேதத்தில் நெருப்புக்கு, அதாவது அக்கினிக்கு, அடைமொழியாக நின்றது. கேது என்பதற்கு ஒளி, அடையாளம், கொடி என்று பொருள்கள் உண்டு. ஆகவே புகையைக் கொடியாக உடையவன் என்று ஆகிறது. அடுப்பிலும் வேள்விக்குண்டத்திலும் இருந்த அந்தப் பெயர் பிறகு வானத்துக்கு ஏறியது. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்கிதையில் கேதுக்களின் போக்குக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. இதற்கிடையே கேது என்ற சொல் வேறொரு வேலையையும் எடுத்துக்கொண்டது. நிலவின் பாதையும் சூரியனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளில் ஒன்றுக்கு, ராகுவின் எதிர்ப்புள்ளிக்கு, அது பெயராயிற்று. பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகளில் இன்று கேது என்றால் இதுதான். தூமகேது என்று கேட்டதும் ராகு கேது நினைவுக்கு வந்து மனம் குழம்புவது அதனால்தான்.

புகைக்கொடியில் அந்தக் குழப்பம் இல்லை. தூமத்துக்குப் புகை, கேதுவுக்குக் கொடி என்று நேருக்கு நேர் நிறுத்திய பெயர்ப்பு போலத்தான் அது தோன்றுகிறது. ஆனால் தமிழுக்கு வந்ததும் அது ஒன்று கூடுதலாகப் பெற்றது. கொடி நமக்குப் பறப்பதும்தான், படர்வதும்தான். ஒரே இடத்தில் வேர்கொண்டு மேலே நீளும் புகைக்கு இரண்டு பொருளும் பொருந்தும்.

இனி, வாலுக்கும் கொடிக்கும் உள்ள வேறுபாடு. வால் பின்னால் வரும். மாடு எந்தப் பக்கம் நடந்தாலும் வால் அதற்கு எதிர்ப்பக்கம். கொடி அப்படி அல்ல. தேர் எந்தத் திசையில் ஓடினாலும் கொடி காற்று வீசும் திசையில்தான் பறக்கும். வானத்தில் நடப்பது இதில் எது? 1531இல், பிற்காலத்தில் ஹாலியின் பெயர் பெறப்போகும் வால்வெள்ளி வந்தபோது, ஜெர்மானிய அறிஞர் பீட்டர் அப்பியான் நாள்தோறும் அதன் இடத்தைக் குறித்து, அந்த நீண்ட ஒளி எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமே நீள்கிறது என்று படம் வரைந்து காட்டினார். சீனர்கள் அதற்குப் பல நூற்றாண்டு முன்பே இதைக் கவனித்து எழுதியிருந்தார்கள். ஆகவே சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும்போது வால்வெள்ளி தன் ‘வாலை’ முன்னால் நீட்டிக்கொண்டு போகிறது. வால் என்ற பெயர் இங்கே தோற்றுவிடுகிறது. கொடி நிற்கிறது.

ஆனால் எந்தக் காற்று? அதைக் கண்டுபிடிக்கப் புகைப்படம் வரவேண்டியிருந்தது.

படம் இல்லாத காலத்தின் கஷ்டத்துக்குச் சென்னையிலேயே ஒரு சாட்சி உண்டு. பீலா வால்வெள்ளி 1846இல் இரண்டாக உடைந்தது; 1852க்குப் பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. 1872 நவம்பர் 27 அன்று, அது வந்திருக்க வேண்டிய பாதையில், ஐரோப்பிய வானத்தில் எரிமீன்கள் மழையாகக் கொட்டின. உடனே கோட்டிங்கனிலிருந்து கிளிங்கர்ஃபூஸ் என்ற வானியலாளர் சென்னைக்குத் தந்தி கொடுத்தார்: பீலா பூமியைத் தொட்டுவிட்டது, தெற்கு வானில் இன்ன இடத்தில் தேடுங்கள் என்று. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் இருந்த போக்சன் மேகங்களின் இடைவெளியில் தேடி, டிசம்பர் 3ஆம் தேதி அதிகாலையில் ஒரு வால்வெள்ளியைக் கண்டார். மறுநாள் அதிகாலையில் அதன் வாலையும் கண்டார். அதற்குப் பிறகு மேகம் மூடிக்கொண்டது. அவர் பார்த்தது பீலாவின் துண்டா, தற்செயலாக அங்கே வந்த வேறொன்றா என்ற வாதம் இன்றுவரை தீரவில்லை. இரண்டு காலைகளின் கைக்குறிப்புகள் மட்டுமே மிஞ்சின. ஒரு புகைப்படத் தகடு பிடித்திருந்தால் என்று நினைக்காமல் அந்த வரலாற்றை என்னால் படிக்க முடிவதில்லை.

தகடு பிடிக்கும் வித்தை அப்போது இல்லாமல் இல்லை. 1858 செப்டம்பர் 27 அன்று, இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் வில்லியம் அஷர்வுட் என்ற படக்கலைஞர் ஆட்களின் முகம் எடுக்கும் லென்ஸை டொனாட்டி வால்வெள்ளியை நோக்கித் திருப்பி, 7 நொடி எக்ஸ்போஷரில் படம் எடுத்தார். வால்வெள்ளியின் முதல் புகைப்படம் அதுவே. அந்தத் தகடு இன்று இல்லை. 1882இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் டேவிட் கில் பெரிய வால்வெள்ளி ஒன்றைப் படம் எடுத்தபோது, வாலோடு கூடப் பின்னால் இருந்த ஏராளமான நட்சத்திரங்களும் தகட்டில் விழுந்தன. தெற்கு வானின் நட்சத்திரப் பட்டியலைப் புகைப்படத்தாலேயே தயாரிக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு அங்கிருந்துதான் வந்தது.

நமக்கு வேண்டிய சான்று 1893 அக்டோபரில் கிடைத்தது. கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் எட்வர்ட் பர்னார்ட் புரூக்ஸ் வால்வெள்ளியை அடுத்தடுத்த இரவுகளில் படம் எடுத்துவந்தார். ஓர் இரவு நேராக இருந்த வால் மறு இரவு முறுக்கிக் கிழிந்து கிடந்தது. கண்ணுக்குப் புலப்படாத ஏதோ ஒன்று அதைத் தாக்கிப்போனது போன்ற படம். தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த நுணுக்கம் தெரியவில்லை, தகடு காட்டிவிட்டது. கொடி காற்றில் அடிபடுவதை மனிதர் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான்.

1951இல் லுட்விக் பியர்மன் இத்தகைய படங்களை ஆராய்ந்து, சூரியனிலிருந்து எல்லாத் திசைகளிலும் துகள்கள் ஓயாமல் வீசிக்கொண்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். 1958இல் யூஜின் பார்க்கர் அதற்குக் கணக்குப் போட்டு, சூரியக் காற்று என்று பெயரும் வைத்தார். அவருடைய கட்டுரையை ஆய்வு செய்த இருவரும் வெளியிடக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். அந்த இதழின் ஆசிரியர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் முடிவில் நம்பிக்கை வரவில்லை. ஆனால் கணக்கில் பிழை எதுவும் காணவில்லை. எனவே வெளியிட்டார். சில ஆண்டுகளில் விண்கலங்கள் அந்தக் காற்றை நேரிலேயே அளந்தன. நொடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகம்.

நடுவில் 1910ஐ விட்டுவிட்டேன். அந்த ஆண்டு மே மாதம் ஹாலி வந்தபோது கொடைக்கானல் வானாய்வகத்தில் எவர்ஷெட் அதைப் படம் எடுத்தார். புதுச்சேரியில் இருந்த பாரதி அதைப் பாட்டில் எடுத்தார். ‘சாதாரண வருஷத்துத் தூமகேது’ என்று பஞ்சாங்க ஆண்டைத் தலைப்பிலேயே வைத்தார். சிறிய தலையின் மேல் நெடிதாக நின்ற ஒளிக்குத் தினையையும் பனையையும் உவமை சொன்னார். கீழ்வானில் அது வெள்ளிக்கோளுக்கு அருகில் நின்றதையும், வால் மிக மெல்லிய வாயுவால் ஆனது என்று அறிஞர் சொல்வதையும், பூமியை வால் தொட்டாலும் கேடில்லை என்பதையும் பதிவு செய்தார். மே 18, 19 தேதிகளில் பூமி அந்த வாலினூடே போகும், அதில் உள்ள நச்சு வாயுவால் உயிர்கள் மடியும் என்று மேலைநாடுகளில் பீதி பரவிய நேரம் அது. பாரதியின் குரலில் எனக்குக் கேட்பது கபிலரின் ‘உம்’தான்.

இனிப் புகை. வால்வெள்ளியின் நடுவில் இருப்பது பனியும் தூசியும் சேர்ந்த ஒரு கட்டி என்று 1950இல் ஃபிரெட் விப்பிள் சொன்னார். 1986 மார்ச்சில் ஹாலி திரும்பி வந்தபோது சோவியத்தின் வேகா கலங்களும், அவற்றின் பின்னால் ஐரோப்பாவின் ஜியாட்டோவும் அருகில் சென்றன. ஜியாட்டோ சுமார் 600 கிலோமீட்டர் தொலைவில் கடந்தது. சுமார் 15 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கட்டி, தன்மேல் விழும் ஒளியில் 4 சதவீதம் அளவுக்கே திருப்பித் தந்தது. கரிக்கட்டியைப் போன்ற கறுப்பு. சூரியன் பட்ட பக்கத்தில் வெடிப்புகளிலிருந்து வாயுவும் தூசியும் பீறிட்டுக்கொண்டிருந்தன. அந்தத் தூசியில் பெரும்பகுதி நம் வீட்டுப் புகையில் இருக்கும் துகள்களின் அளவே. இளங்கோவின் சொல்லில் முதற்பாதியும் சரியாகிவிட்டது.

இன்று படம் எடுக்கிறவர்களுக்கு இரண்டு கொடிகள் கிடைக்கின்றன. சூரியக் காற்றால் தள்ளப்பட்டு நேராக நீலமாக ஓடுவது வாயு. சூரிய ஒளியின் அழுத்தத்தால் தள்ளப்பட்டு மஞ்சளும் வெள்ளையுமாக வளைந்து விரிவது தூசி. வெறும் கண்ணுக்கு நீலம் எளிதில் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். 50 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் 10 நொடிக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது; பூமி சுழல்வதால் நட்சத்திரம் கோடாக இழுபட்டுவிடும். முக்காலி ஆடாமல் இருக்க வேண்டும். தானாக ஃபோகஸ் ஆகட்டும் என்று விட்டால் இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும்; பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைத் திரையில் பெரிதாக்கி, அது ஊசிமுனையாகச் சுருங்கும்வரை கையால் திருப்புவதே வழி. பிறகு பல படங்களை எடுத்துக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், ஒற்றைப் படத்தில் மங்கிக் கிடந்த கொடி எழுந்துவரும். 1949இல், சென்னையில் பிறந்த வைணு பாப்பு ஹார்வர்டின் தகடு ஒன்றில் தன் பெயர் தாங்கப்போகும் வால்வெள்ளியைக் கண்டதும் இப்படிப்பட்ட மங்கலான ஒரு கறையாகத்தான்.

2024இல் சூசின்ஷான்-அட்லஸ் வந்தபோது தென்னிந்தியாவில் பலர் செப்டம்பர் கடைசியில் விடியலுக்கு முன் கிழக்கு அடிவானத்தில் அதைப் பிடித்தார்கள். அக்டோபர் நடுவில் அது மாலை வானத்துக்கு வந்தபோது சென்னை மழையில் நனைந்துகொண்டிருந்தது. மேகமற்ற நாடுகளில் எடுத்தவர்களின் படங்களில் விசித்திரமான ஒன்று தெரிந்தது. பெரிய கொடிக்கு நேர் எதிரே, சூரியனை நோக்கி, மெல்லிய கோடு ஒன்று நீண்டிருந்தது. வானியலார் இதை எதிர்வால் என்பார்கள். 1957இல் ஆரென்ட்-ரோலண்ட் வால்வெள்ளியிலும் இப்படித் தெரிந்தது. ஒளியின் அழுத்தத்துக்கு அசைந்துகொடுக்காத பெரிய துகள்கள், வால்வெள்ளி வந்த பாதையிலேயே பின்தங்கித் தட்டையாகப் பரவிக் கிடக்கின்றன. பூமி அந்தத் தளத்தைக் கடக்கும்போது நாம் அதைப் பக்கவாட்டில் பார்க்கிறோம், கோடாகத் தெரிகிறது. காற்று வீசும் பக்கம் பறக்காமல், போனதன் பின்னாலேயே கிடப்பது அது ஒன்றுதான். வால் என்ற பெயரை அதற்குக் கொடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் கொடி என்றே அழைக்கலாம்.