பயனில்லை என்று ஒதுக்கப்பட்ட தைமஸ்: டி செல்களின் கதை



2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அறிவிப்பு வந்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் பலரும் ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். "டீச்சர், ரெகுலேட்டரி டி செல்னா என்ன? நாங்க படிச்சப்போ இது பாடத்துலயே இல்லையே?" இல்லைதான். அன்றைய பாடத்தில் தைமஸ் சுரப்பிக்குக் கிடைத்ததே ஓரிரு வரிதான். ஆனால் மருத்துவ வரலாற்றில் இந்த அளவுக்குத் தப்பாக எடைபோடப்பட்ட உறுப்பு வேறொன்று உண்டா என்பது சந்தேகம். ஒரு முறையல்ல, மூன்று முறை. நீளமான பதிவுதான், ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படியுங்கள்.

தைமஸ் எங்கே இருக்கிறது? மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே. குழந்தைகளுக்குப் பெரிதாக இருக்கும். பருவ வயதுக்குப் பிறகு சுருங்கத் தொடங்கி, வயதாக ஆக அதன் இடத்தைக் கொழுப்பு நிரப்பிக்கொள்ளும்.

முதல் தவறு: "பெரிதாக இருக்கிறது"

19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில், நன்றாக இருந்த கைக்குழந்தை தூக்கத்திலேயே இறந்துபோனால் மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தார்கள். தைமஸ் பெரிதாகத் தெரிந்தது. மூச்சுக்குழாயை அது நெரித்துக் கொன்றுவிட்டது என்று முடிவு கட்டினார்கள். 1889-ல் பால்டாஃப் என்ற வியன்னா மருத்துவர் இதற்கு ஒரு நீளமான லத்தீன் பெயரும் வைத்தார். பெயர் வைத்துவிட்டால் நோய் உறுதியாகிவிடும் அல்லவா?

"பெரிது" என்று சொல்ல அவர்களிடம் இருந்த அளவுகோல் எது என்று பாருங்கள். பிரிட்டனில் 1832-ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டப்படி, கேட்பாரற்று இறந்த ஏழைகளின் உடல்கள்தான் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போயின. பட்டினியிலும் நீண்ட நோயிலும் வாடி இறந்தவர்கள் அவர்கள். உடல் துன்பத்தில் இருக்கும்போது முதலில் சுருங்கும் உறுப்புகளில் தைமஸும் ஒன்று. 1936-ல் ஹான்ஸ் செல்யே எலிகளில் இதைக் காட்டினார். ஆக, மருத்துவர்கள் "இயல்பான அளவு" என்று நம்பியது பசியால் வாடிய தைமஸை. திடீரென்று இறந்த ஆரோக்கியமான குழந்தையின் தைமஸ்தான் உண்மையில் இயல்பானது. அதைப் போய் வீக்கம் என்றார்கள்.

இது ஏட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. 1907-ல் அமெரிக்காவில் ஃப்ரீட்லேண்டர் என்ற மருத்துவர், குழந்தையின் தைமஸைச் சுருக்க எக்ஸ்-கதிர் கொடுத்தார். தைமஸ் உடனே சுருங்கியது. பிறகென்ன, இது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. எந்த நோயும் இல்லாத குழந்தைகளுக்குக்கூட முன்னெச்சரிக்கை என்று கழுத்திலும் மார்பிலும் கதிர் பாய்ச்சினார்கள். அந்தப் பாதையில்தான் தைராய்டும் இருக்கிறது. தைராய்டு புற்றுநோய் வந்த சிறுவர்களை ஆராய்ந்த டஃபி, ஃபிட்ஸ்ஜெரால்டு இருவரும், அவர்களில் பலர் கைக்குழந்தையாக இருந்தபோது தைமஸ் கதிர்வீச்சு பெற்றவர்கள் என்று 1950-ல் எழுதினார்கள். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து இருக்கும் நோயை வரவழைத்த கதை இது. அந்தத் தாய் தகப்பன்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளையின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டதாக நம்பித்தானே வீட்டுக்குத் தூக்கிப் போயிருப்பார்கள்?

இரண்டாம் தவறு: "செல்களின் சுடுகாடு"

1950-களில் தைமஸைப் பற்றிய எண்ணம் மாறியிருந்தது, ஆனால் மதிப்பு கூடவில்லை. லிம்போசைட் என்ற வெள்ளணுக்கள் அதில் கோடிக்கணக்கில் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை அங்கேயே செத்துக்கொண்டும் இருந்தன. அவை எதிர்ப்பொருளும் சுரக்கவில்லை. வளர்ந்த விலங்கில் தைமஸை வெட்டி எடுத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. எனவே இது செல்கள் வந்து மடியும் இடம், பரிணாமம் விட்டுப்போன மிச்சம் என்றார்கள்.

ஜாக் மில்லர் 1931-ல் பிரான்சின் நீஸ் நகரில் பிறந்தவர். போர்க்காலத்தில் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா சேர்ந்தவர். சிறுவயதில் தன் அக்காவைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். 1958-ல் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக லண்டனின் செஸ்டர் பீட்டி நிறுவனத்துக்கு வந்தார். அவர் தேடியது தைமஸின் வேலையை அல்ல. ஒரு வைரஸ் எலிகளுக்கு எப்படி ரத்தப் புற்றுநோய் தருகிறது என்பதை. அந்தப் புற்றுநோய் தைமஸில் தொடங்குவதால், பிறந்த அன்றே எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துப் பார்த்தார். ஓர் எலிக்குட்டி நம் சுண்டுவிரல் நுனி அளவுதான். அதற்குள் தைமஸ் எவ்வளவு இருக்கும்? அதை எடுத்தார்.

குட்டிகள் பால்குடி மறக்கும் வரை நன்றாக இருந்தன. பிறகு மெலிந்து, நோய்த்தொற்று கண்டு இறந்தன. ரத்தத்திலும் நிணநீர் முடிச்சுகளிலும் லிம்போசைட்டுகள் மிகக் குறைவு. வேறு இன எலியின் தோலை ஒட்டினால் சாதாரண எலியின் உடல் அதைத் தள்ளிவிடும். இவை தள்ளவில்லை, அந்தத் தோலில் ரோமம் தழைத்து வளர்ந்தது. தைமஸ் திசுவைத் திரும்பப் பொருத்தியதும் எதிர்ப்பு சக்தி திரும்பியது. 1961 செப்டம்பரில் லான்செட் இதழில் இது வெளிவந்தது.

வளர்ந்த எலியில் ஏன் ஒன்றும் ஆகவில்லை? அதற்குள் தைமஸ் வேண்டிய செல்களை உடலெங்கும் அனுப்பி முடித்திருந்தது. அரிசி மூட்டைகள் வீட்டுக்குள் வந்த பிறகு வயலை விற்றால் அந்த வருஷம் பசி தெரியாது, அவ்வளவுதான்.

சுலபமாக யாரும் நம்பவில்லை. எலிக்கூடம் சுத்தமில்லை, அதனால் வந்த தொற்று என்றார்கள். மில்லர் அமெரிக்கா போய், கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளில் செய்து காட்டினார். அவை மெலிந்து சாகவில்லை. ஆனால் அந்நியத் தோலை அவற்றாலும் தள்ள முடியவில்லை. உறுப்பு மாற்று ஆய்வுக்காக 1960-ல் நோபல் பெற்ற பீட்டர் மெடவார்கூட, 1963 வரை தைமஸின் லிம்போசைட்டுகளைப் பெரிதாக மதிக்கவில்லை. பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக எலி மாறிவிடாது. மெடவார்தான் பிறகு மாறினார்.

கோழி சொன்ன பாதி

இதே காலத்தில் அமெரிக்காவின் ஒஹையோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர், பறவைகளின் கழிவுத் துவாரத்துக்கு அருகே இருக்கும் ஒரு சிறு பையைப் பார்த்து, "இது எதற்கு?" என்று பேராசிரியரைக் கேட்டார். நல்ல கேள்வி, நீயே கண்டுபிடி என்றார் அவர். ஃபாப்ரிஷியஸ் விவரித்த பை என்பதால் அதற்கு ஃபாப்ரிஷியஸ் பர்சா என்று பெயர். கிளிக் அதைக் கோழிக்குஞ்சுகளிலிருந்து எடுத்துப் பார்த்தார். வெளியே எதுவும் தெரியவில்லை. பிறகு திமோதி சாங் என்ற நண்பர், மாணவர்களுக்கு எதிர்ப்பொருள் உருவாவதைக் காட்ட அந்தக் கோழிகளை இரவல் வாங்கிப்போனார். வகுப்புச் சோதனை தோற்றது. பை எடுத்த கோழிகளில் பெரும்பாலானவற்றில் எதிர்ப்பொருளே இல்லை! கட்டுரையை 'சயின்ஸ்' இதழ் திருப்பி அனுப்ப, 1956-ல் கோழி வளர்ப்பு ஆய்விதழில் வந்தது.

1965-ல் மேக்ஸ் கூப்பர் இரண்டையும் சேர்த்துப் பார்த்து, எதிர்ப்பு சக்திக்கு இரு தனிக் கிளைகள் உண்டு என்றார். பர்சாவிலிருந்து வருவது பி செல், தைமஸிலிருந்து வருவது டி செல். நமக்குப் பர்சா இல்லை. பி செல் எலும்பு மஜ்ஜையில் உருவாகிறது. 1968-ல் மில்லரும் அவர் மாணவர் கிரஹாம் மிட்செலும் மெல்போர்னில், எதிர்ப்பொருள் சுரப்பது பி செல்தான், ஆனால் டி செல் உதவினால்தான் அது நன்றாகச் சுரக்கும் என்று காட்டினார்கள்.

தைமஸ் ஒரு பள்ளிக்கூடம்

இப்போது பாடத்துக்கு வருகிறேன். எலும்பு மஜ்ஜையிலிருந்து இளஞ்செல்கள் தைமஸுக்கு வருகின்றன. அங்கே ஒவ்வொன்றும் தன் மரபணுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு போலக் கலைத்துச் சேர்த்து, தனக்கென ஓர் ஏற்பியைச் செய்துகொள்கிறது. எந்தக் கிருமிக்குப் பொருந்தும் என்று தெரியாமலேயே செய்த சாவி அது. பிறகு இரண்டு பரீட்சைகள்.

முதல் தாள்: நம் உடல் செல்கள் தம் மேற்பரப்பில் எம்.ஹெச்.சி. என்ற புரதத் தட்டில், உள்ளே இருப்பவற்றின் துணுக்குகளை ஏந்திக் காட்டுகின்றன. டி செல் அந்தத் தட்டைக் கொஞ்சமாவது பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவை சாகின்றன. டி செல் கிருமித் துணுக்கை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை, தட்டோடு சேர்த்தே பார்க்கிறது என்று 1974-ல் கான்பெராவில் கண்டறிந்தவர்கள் கால்நடை மருத்துவர் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும். 1996-ல் அவர்களுக்கு நோபல்.

இரண்டாம் தாள்: சொந்த உடலின் துணுக்கை மிக இறுகப் பிடிக்கிறதா? அப்படியானால் வெளியே போனதும் வீட்டையே கொளுத்தும். அதுவும் சாக வேண்டும்.

நூற்றுக்கு ஐந்து கூடத் தேறுவதில்லை. நான் போட்ட எந்தப் பரீட்சையும் இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை என்பதற்கு நீங்கள் எல்லோரும் சாட்சி! எந்தச் சாவுகளைப் பார்த்து "சுடுகாடு" என்றார்களோ, அந்தச் சாவுகள்தான் தைமஸின் வேலையே.

தேறியவற்றில் இரு பெரும் பிரிவு. சிடி8 கொண்டவை கொல்லி செல்கள்: வைரஸ் புகுந்த செல்லை நேரில் அழிப்பவை. சிடி4 கொண்டவை உதவி செல்கள்: மற்ற செல்களுக்கு ஆணையும் ஊக்கமும் தருபவை. எச்.ஐ.வி. தாக்குவது இந்த சிடி4 செல்களை. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்களே, அந்த நோயாளிகளின் மருத்துவச் சீட்டில் பின்னாளில் எழுதப்பட்ட 'சிடி4 எண்ணிக்கை' இதுதான்.

தேறிய செல்லும் உடனே சண்டைக்குப் போகாது. கிளைச் செல் என்ற காவலாள், கிருமியின் துணுக்கை நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். சாவி பொருந்துவது முதல் சைகை. "இது உண்மையான ஆபத்து" என்று காவலாள் தரும் இரண்டாவது சைகையும் வேண்டும். முதலாவது மட்டும் வந்தால் டி செல் செயலற்றுப் போகும். இரண்டும் வந்தால் ஒன்று ஆயிரங்களாகப் பெருகும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது என்று பாட்டி சொல்வாரே, அது இந்தப் பெருக்கம்தான். நோய் தீர்ந்த பின் சில செல்கள் நினைவோடு தங்கிவிடும்.

நோபல் செய்தி

இரண்டாம் தாளில் சிலர் எப்படியோ தப்பி விடுகிறார்கள். அவர்களை யார் அடக்குவது? மில்லர் பிறந்த நாளிலேயே தைமஸை எடுத்தார். 1969-ல் ஜப்பானில் நிஷிசுகா, சாகாகுரா இருவரும் மூன்றாம் நாள் எடுத்தார்கள். எதிர்ப்பு குறையவில்லை, மாறாக எலியின் உடல் தன் கருப்பையையே, சரியாகச் சொன்னால் சினைப்பையையே, அழித்தது. ஷிமோன் சகாகுச்சி இதைப் பிடித்துக்கொண்டார். இத்தகைய அடக்கும் செல்கள் இருப்பதாகச் சொன்னாலே மற்றவர்கள் சிரித்த காலத்திலும் விடாமல் தேடி, 1995-ல் அவற்றை அடையாளம் காட்டினார். 2001-ல் மேரி புரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் அதற்குரிய ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டார்கள். இவர்கள் மூவருக்கும்தான் 2025 நோபல். மில்லருக்கும் கூப்பருக்கும் 2019-ல் லாஸ்கர் விருது கிடைத்தது; நோபல் கிடைக்கவில்லை.

மூன்றாம் தவறு: "பெரியவர்களுக்குத் தேவையில்லை"

மில்லருக்குப் பிறகும் ஒரு எண்ணம் மிச்சமிருந்தது: வளர்ந்தவர்களுக்கு தைமஸ் வேலை முடிந்த உறுப்பு. இதய அறுவையில் வழியை மறித்தால் எடுத்துவிடுவது வழக்கம். 2023-ல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. தைமஸ் எடுக்கப்பட்ட பெரியவர்களில் ஐந்து ஆண்டுக்குள் இறந்தவர்கள் 8.1 சதவீதம், அதே போன்ற அறுவை செய்து தைமஸ் எடுக்கப்படாதவர்களில் 2.8 சதவீதம். புற்றுநோய் வாய்ப்பும் சுமார் இரு மடங்கு. ஒரே ஓர் ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது. தைமஸ் கட்டிக்கும் சில தசைநோய்களுக்கும் அதை எடுத்தே ஆக வேண்டும். அங்கே மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் அவசியமில்லாமல் எடுப்பதற்கு முன் இன்று யோசிக்கிறார்கள்.

மூன்று முறையும் தவறு ஒன்றேதான். "எதற்கு என்று எங்களுக்கு இன்னும் தெரியவில்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "எதற்கும் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். முதல் முறை அதற்கு விலை கொடுத்தவர்கள் தொட்டில் குழந்தைகள்.

உங்களில் இன்று வகுப்பெடுப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். பிள்ளை எதையாவது சுட்டிக்காட்டி "இது எதுக்கு?" என்று கேட்டு, உங்களுக்கும் தெரியவில்லை என்றால், கிளிக்கின் பேராசிரியர் சொன்னதைச் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன். மருத்துவராக இருக்கும் நம் பிள்ளைகள் கூடுதல் விவரம் சேர்த்தால் மகிழ்வேன். அடுத்த பதிவு தடுப்பூசியைப் பற்றி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்