“அந்த ஊசி எனக்கு ஒத்துக்கொள்ளாது, தம்பி”

கிளிநொச்சி மாவட்டத்தில் மருந்தாளராக வேலை செய்யும் நான் அடிக்கடி கேட்கும் வசனம் இது. சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மாவும் இதையே சொன்னார். “என்ன ஊசி அம்மா?” என்று கேட்டேன். “பேர் தெரியாது. முந்தி ஒருக்காப் போட, உடம்பெல்லாம் தடிச்சு மூச்செடுக்கேலாமப் போச்சுது.” அவரது கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். அதில் ஒரு வரியும் இல்லை.

அன்று அவருக்குச் சிகிச்சை அளித்த வைத்தியர் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார். ஆனால் நடந்ததைப் பதியவில்லை. மேலே அறிவிக்கவும் இல்லை. வன்னிக்கு வரும் வைத்தியர்கள் இடமாற்றம் பெற்றுப் போகும்போது இப்படியான தகவல்களும் அவர்களோடு போய்விடுகின்றன.

மருந்தின் பாதக விளைவுகளை அறிவிப்பதற்கு இலங்கையில் வழி இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அவ்வறிக்கைகளைப் பெறுகிறது. நோயாளியின் வயதும் பாலும், சந்தேகிக்கப்படும் மருந்து, ஏற்பட்ட விளைவு, அறிவிப்பவர் யார் என்பன இருந்தால் போதும். மருந்தின் தொகுதி இலக்கமும் சேர்ந்தால் தரக்குறைவைக் கண்டுபிடிக்க உதவும்.

அப்படியிருந்தும் பலர் அறிவிப்பதில்லை. “இந்த மருந்தால்தான் வந்தது என்று நிச்சயமில்லை” என்பது ஒரு காரணம். தன் தலையில் பழி விழுமோ என்ற பயம் இன்னொன்று. இரண்டுமே தேவையற்றவை. அறிவிப்பதற்குச் சந்தேகமே போதும். அது யார்மீதும் சாட்டும் குற்றமும் அல்ல.

எண்ணிப் பார்த்ததால் என்ன பயன் என்பதற்கு வயலில் பாம்பு கடிக்கும் எங்கள் ஊர்களுக்கு நெருக்கமான உதாரணம் விஷமுறிவு மருந்து. பேராசிரியர் அசித டி சில்வா தலைமையிலான குழு இலங்கையில் 1,007 பாம்புக்கடி நோயாளிகளை ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டது. நால்வரில் மூவருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. முன்கூட்டியே சிறு அளவு அட்ரினலின் கொடுத்தால் கடுமையான விளைவுகள் குறையும் என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

2023இல் நுவரெலியாவில் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் விடப்பட்ட பிரெட்னிசொலோன் துளிமருந்தால் சிலர் பார்வையை இழந்தனர். அதன் பின்னரே அம்மருந்து மீளப் பெறப்பட்டது. ஒரு வைத்தியசாலையில் ஒருவருக்கு நடந்தால் அது தற்செயலாகத் தோன்றலாம். பல இடத்துத் தகவல்களும் ஓரிடத்தில் சேரும்போதுதான் பிழை எங்கே என்பது தெரியும்.

நோயாளர்களும் செய்யக்கூடியது உண்டு. குளிசை ஒத்துக்கொள்ளாவிட்டால் அதன் மட்டையை எறியாதீர்கள். ஊசி என்றால் பெயரைக் கேட்டு, கொப்பியின் முன்பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். “இதை மேலே அறிவிப்பீங்களா, டொக்டர்?” என்று கேட்பதும் உங்கள் உரிமை.

அந்த அம்மாவின் கொப்பியில் சிவப்பு மையால் எழுதிக் கொடுத்தேன்: ‘ஊசி ஒவ்வாமை உண்டு. மருந்தின் பெயர் தெரியாது.’ அந்த இரண்டாவது வசனம் எழுத வேண்டி வந்திருக்கக் கூடாது.